ஜெயராஜ் சார் வரைந்த கைகள்

"எங்கம்மா இப்படியா இருந்தாங்க? மொதல்ல அந்தப் படத்தக் கழட்டுங்க டீச்சர்."

பள்ளி ஓவியக் கண்காட்சி தொடங்கிய காலையில் ஷீபா என்னிடம் சொன்னது இது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஷீபாவின் அப்பா ஜெயராஜ் சார் எங்கள் கணக்கு ஆசிரியர். படத்தை வரைந்தவர் அவர்தான்.

மனைவி ஸ்டெல்லா புற்றுநோயில் இறந்த பிறகு, சார் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு என் ஓவிய அறைக்கு வர ஆரம்பித்தார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொல்லும் ஆறுதலைத் தாங்க முடியவில்லை என்றார். ஒருநாள் எக்ஸ்பிரஷனிச ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டியவர் கேட்டார்.

"என்ன டீச்சர், வீடெல்லாம் சாஞ்சு கெடக்கு? முகம் பச்சையா இருக்கு?"

"கண்ணுக்குத் தெரிஞ்சத வரையல சார். துக்கத்துல இருக்கவங்களுக்கு எப்படித் தெரியுமோ, அப்படி வரைஞ்சிருக்காங்க."

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஒரு பிரஷ் குடுங்க" என்றார்.

ஸ்கேல் இல்லாமல் கரும்பலகையில் கோடு போடாத மனிதர் அவர். அவர் வரைந்த சுவர்களோ கட்டிலின் மேல் விழுவதுபோல் வளைந்தன. அறை முழுக்கக் கெட்டியான மஞ்சள். கட்டிலில் ஸ்டெல்லா, சாம்பல் படிந்த பச்சை முகத்தோடு, குழந்தை அளவுக்குச் சுருங்கியிருந்தார். கைகள் மட்டும் சிவப்பாக, உடம்பைவிடப் பெரிதாக இருந்தன.

கண்காட்சி அறையில் மகளின் குரல் கேட்டு சார் வந்தார். ஷீபா அவர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா கை இம்புட்டுப் பெருசாப்பா?"

"கடைசில முகத்தப் பாக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. கையத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அது மட்டுந்தான் சூடா இருந்துச்சு."

ஸ்டெல்லாவின் கடைசி நாட்களில் ஷீபா பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தாள், வர முடியவில்லை. அந்த நாட்களைப் பற்றி இருவரும் அதுவரை பேசியதே இல்லை.

"இந்த மஞ்சள் என்னப்பா?"

"ஆஸ்பத்திரி லைட்டு. கண்ணு கூசுதும்பா, அணைக்கச் சொல்லிக்கிட்டே இருப்பா."

ஷீபா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்னையக் கேட்டாங்களா?"

"கேட்டா. பிள்ளைக்கு முடி நெறைய இருக்கான்னு கேட்டா. நம்ம ஷீபா மாதிரியேன்னு சொன்னேன். சிரிச்சா."

ஷீபா அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் பார்வையாளர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போனேன். படத்தை யாரும் கழற்றவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் தீட்டிய நிறம் தப்பாகத் தெரிந்தால் உடனே திருத்தாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். கேட்டால், பதில் முடியும்வரை பக்கத்தில் இருங்கள்.