கூலி பேசச் சொன்னவர்

எங்கள் பொருளாதார விரிவுரையாளருக்கு ஒரு நிமிடம் நின்று பேச வராது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே பாடம் நடத்தும் ஒல்லியான மனிதர்.

கூலித் தகராறில் தஞ்சை வயல்களில் அறுவடை நின்றுபோயிருந்த வருடம் அது. கூலி நிர்ணயப் பாடத்தன்று அவர் புத்தகத்தை மூடினார். மிராசுதார் மகனான என்னை அறுவடை ஆளாகவும், எங்கள் வயலில் வேலை செய்பவரின் மகனான வகுப்புத்தோழனை மிராசுதாராகவும் எதிரெதிரே உட்காரவைத்து, "கூலி பேசுங்கப்பா" என்றார்.

"அரை மரக்கால் நெல்லு கூடக் கொடுங்க" என்றேன், சிரித்தபடி.

அவன் சிரிக்கவில்லை. "வெளியூர் ஆளுங்க அறுக்க வராங்க. நீ போலாம்."

அதற்கு முந்தின நாள் அவன் அப்பாவிடம் என் அப்பா சொன்னது அது. விரிவுரையாளர் நடந்துகொண்டே இருந்தார்.

விஷயம் தெரிந்து அப்பா கல்லூரிக்கே வந்துவிட்டார். வராந்தாவில் விரிவுரையாளரை மறித்து, "நீங்க யார் பக்கம்? உங்களுக்கு நிலம் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார்.

"அத நான் சொல்லிட்டா பசங்க யோசிக்கிறத நிறுத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வகுப்புக்குப் போனார்.

கோடை விடுமுறை முடிந்து வந்தபோது அவர் இல்லை. மாற்றல் என்றார்கள். கடைசிவரை பக்கம் சொல்லாத அந்த மனிதர்மேல் எனக்குச் சில நாள் மரியாதை வருகிறது, சில நாள் கோபம் வருகிறது.