சேஷன் பேசிய முதல் வசனம்

சேஷனுக்குச் சின்ன வயதிலிருந்தே நடிப்பென்றால் உயிர். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பள்ளிக்கூட நாடகத்தில் அவருக்குக் காவலாளி வேஷம் கொடுத்தார்கள். "மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்" என்று ஒரே வரி. திரை விலகியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காத்துக் காத்துப் பார்த்த தூதுவன், "மன்னா, நான்தான் வந்திருக்கிறேன்" என்று தானே உள்ளே வந்துவிட்டான். சபை சிரித்த சிரிப்பில் சேஷன் மேடை ஆசையை அன்றே மூட்டை கட்டினார்.

நடிப்பு ஆசையை மட்டும் கட்ட முடியவில்லை. தம்பானூரில் பார்சல் ஆபீஸ் வேலை, கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் குடித்தனம், விஜயத்தோடு கல்யாணம் என்று எல்லாம் ஆன பிறகும், லீவு நாளில் எங்கே மலையாள சீரியல் ஷூட்டிங் என்று விசாரித்துக்கொண்டு போய்விடுவார். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர், கோர்ட்டில் பின்வரிசையில் உட்காருகிறவர் என்று கூட்டத்தோடு கூட்டமாக வந்து போனார்.

ஒருநாள் ஒரு சீரியலில் பிணமாகப் படுத்தவருக்கு இருமல் நிற்கவில்லை. அழ வேண்டிய நடிகை ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டாள். டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது சேஷன் மெல்லக் கையைத் தூக்கினார். தினமும் சந்தியாவந்தனத்தில் மூச்சை அடக்கிப் பழகியவர். போய்ப் படுத்தார். மூக்கின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, உலாத்திவிட்டு, சாவகாசமாகப் பறந்துபோனது. சேஷன் அசையவில்லை. டைரக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் அழைப்புக்குக் குறைவில்லை. எந்த சீரியலில் யார் செத்தாலும் சேஷன்தான். வீட்டில் மட்டும் அவர் இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

விஷயம் வெளியே வந்தது அடுத்த வீட்டுக் கிருஷ்ணவேணி மாமியால். டிவியில் மாலையும் மூக்கில் பஞ்சுமாகச் சேஷனைப் பார்த்தவள், அது சீரியல் என்பதையே மறந்து, "அடி விஜயம், என்னடி இப்படி ஆயிடுத்து!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். கதவைத் திறந்தவர் சேஷன். மாமி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் சேஷனே.

விஜயம் கோபத்தில் சிவந்துபோனாள். "ஏன்னா, உங்களுக்கு வேற வேஷமே கெடைக்கலையா? குத்துக்கல்லாட்டம் ஆம்படையான் இருக்கறச்சே ஊரெல்லாம் என்னைத் துக்கம் விசாரிக்கணுமா?"

"படுத்துண்டா பயம் வரலைடி. பேசச் சொன்னாத்தான் கைகால் நடுங்கறது."

அவர் சொன்ன விதத்தில் அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் இனிமேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

அடுத்த மாதமே ரெம்யா வந்தாள். பாறசாலைத் தமிழ்ப் பெண். முதல் மலையாள சினிமா எடுக்கிறாள். செத்துப்போன அப்பா வேஷத்துக்குச் சேஷன்தான் வேண்டும் என்றாள்.

"உயிரோட ஒரு சீனாவது குடு. எழுந்து நடக்கணும், பேசணும். அப்படின்னா அனுப்பறேன்" என்றாள் விஜயம்.

சேஷன் வெலவெலத்துப்போனார். ரெம்யா தலையாட்டினாள். "சரிக்கா. அந்த அப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு காட்ட ஒரு சீன் வேணும்னு எனக்கும் தோணிச்சு. நீங்களும் கூட வாங்க."

வித்துராவில் ஒரு பழைய வீட்டில் ஷூட்டிங். வெளியே மழை. வேலையிலிருந்து வந்த கணவன் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மலையாளத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சேஷன் குடித்தார், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே கதை. காபி ஆறி ஆடை படிந்தது. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற விஜயம் பொறுக்க மாட்டாமல், 'சொல்லுங்கோளேன்' என்று கண்ணாலேயே அதட்டினாள். சேஷன் அவளைப் பார்த்தார். கூடத்தில் இருந்த கூட்டமெல்லாம் மறைந்து, அவர் வீட்டுச் சமையலறை மட்டும் தெரிந்தாற்போல இருந்தது. எழுதிக்கொடுத்த வசனம் போன இடம் தெரியவில்லை.

"ஏண்டி, இது காபியா, கஷாயமா? சக்கரை போட்டியா, இல்லே டப்பாவை மட்டும் காட்டினியா? முறைக்காதேடி, குடிச்சுடறேன்!"

வீட்டுத் தமிழ் மளமளவென்று கொட்டியது. எதிரே நின்ற நடிகை உண்மையாகவே சிரித்துவிட்டாள். லைட் பிடித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரெம்யா கட் சொல்லவே இல்லை. சேஷன் மிச்சக் காபியையும் குடித்து முகத்தைச் சுளித்த பிறகுதான் குதித்து எழுந்தாள்.

"இனி இந்தப் படத்துல அப்பா தமிழர்தான்! சார், நாளைக்கும் வருவியளா? இன்னும் ரெண்டு சீன் எழுதுதேன்."

படம் வெளியானபோது அக்ரஹாரமே தியேட்டருக்குத் திரண்டு போனது. காபி சீனில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சீன் வந்துவிட்டது. சேஷன் இருட்டில் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவர், "ஆ சேட்டன் கொள்ளாம்!" என்று மலையாளத்தில் மெச்சினார். விஜயம் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது கல்யாணத் தரகர், சிடுசிடு மாமனார், நியாயம் பேசும் வக்கீல் என்று வரிசையாக வேஷங்கள் வருகின்றன. காலையில் காய் நறுக்கிக்கொண்டே அவரை வசனம் ஒப்பிக்கவைத்துக் கேட்பது விஜயத்தின் வேலை. மலையாள உச்சரிப்பு பிசகினால் விடமாட்டாள். போன வாரம் தரகர் வேஷத்தில் சேஷன் தன் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டே போனாராம். டைரக்டர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான் நிறுத்தினாராம்.