தண்ணீர் கொண்டுவந்தவரின் பெயர்

"அக்கா, துரை மாமா போயிட்டாக" என்று அனுமந்தன்பட்டியிலிருந்து தம்பி போனில் சொன்னபோது, நான் தேனியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வருத்தம் வரவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அவரை அறிந்த உங்களிடம் என்னால் பொய் சொல்ல முடியாது.

துரை என்பது நாம் கூப்பிட்டது. பள்ளிச் சான்றிதழில் இருந்தது, பெரியாற்று அணையைக் கட்டிய வெள்ளைக்கார எஞ்சினியரின் பெயர். நம் பள்ளத்தாக்கில் ஊருக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் உண்டு, நன்றியில் வைத்தது. இவர் மட்டும் அதைப் பட்டாபோல் வைத்துக்கொண்டார். எஞ்சினியரின் பிறந்தநாளில் சிலைக்கு மாலை போட்டுவிட்டு, மைக்கில் "இந்தத் தண்ணி என் பேர்ல ஓடுது" என்பார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டியிருக்கிறேன்.

அவர் பாசனச் சங்கத் தலைவராக இருந்த ஒரு கோடையில், எங்கள் வாழைக்கு முறைத் தண்ணீர் வரவேண்டிய நாளில் மடையை அடைத்துத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பினார். அப்பா அவர் வீட்டு வாசலுக்குக் கேட்கப் போனார், கூடவே நானும். "அந்தப் பேருக்காரன் நான் எடுத்தது போக மிச்சந்தான் ஒனக்கு. போடா" என்றார். அப்பாவைவிட அவர் ஆறு வயது இளையவர். குலை தள்ளிய வாழைகள் காய்ந்து மடங்கின. அடுத்த மாதம் அப்பா ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பெருமழையில் வாய்க்கால் உடைந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல்மூட்டை அடுக்கியவர் அவர்தான். உடைந்தது அவர் தோப்புப் பக்கம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தம்பிக்கு மகன் பிறந்ததும் எஞ்சினியர் பெயரை வைக்க ஆசைப்பட்டான். அம்மா மறுத்துவிட்டாள். "வேணாம்ப்பா. அந்தப் பேரச் சொல்லி என்னால பிள்ளையக் கொஞ்ச முடியாது."

ஒரு நல்ல மனிதரின் பெயரை எங்கள் வீட்டில் வாயால் சொல்ல முடியாமல் செய்துவிட்டார். வாழை போனதை மறந்துவிட்டேன், இதை மறக்கவில்லை. அவரால் எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். அவர் போய்விட்டார் என்பதற்காக அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அப்பா மட்டும் மாலை வாங்கிக்கொண்டு இழவு வீட்டுக்குப் போய்வந்தார்.

"அந்த ஆளுக்கு மாலையாப்பா?" என்று கேட்டேன்.

"தண்ணி கேட்ட அன்னைக்கு வாசப்படி ஏற விடல. இன்னைக்கு உள்ள போயி, மொகத்த நல்லாப் பாத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.