மூன்று முறை பார்த்த பிரேக்

அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் முப்பத்தெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அதில் முப்பத்தேழு பேர் சொல்வதை வாடிக்கையாளர்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். மிச்சமிருந்த ஒருவர் மிதியண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பிரேக் என்று யாராவது வாயைத் திறந்தாலே போதும், முன் மேஜைப் பெண் 'உட்காருங்க, மிதியண்ணன் பாத்துடுவார்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விடுவாள்.

அவர் பார்க்கிற விதமே தனி. காரில் ஏறியதும் வலது கால் செருப்பைக் கழற்றி வெளியே வைப்பார். வெறுங்காலால் பிரேக்கை ஓங்கி மூன்று மிதி மிதிப்பார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சாலையில் ஒரு சுற்று. வேகம் பிடித்து, ஒரே அழுத்து. வண்டி கோணாமல் நின்றால் சரி. ஏன் இப்படிப் போட்டு மிதிக்கிறீர்கள் என்று கேட்டால், ஆபத்து வரும்போது எவன் மெதுவாக மிதிப்பான் என்று திருப்பிக் கேட்பார். இருபத்தாறு வருஷம் அந்தக் கால் சொன்னது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. பிசகியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் இருந்தது. வேண்டாத பாகத்தை மாற்றச் சொல்லி அவர் ஒருநாளும் எழுதியதில்லை. தூசி அடைத்துச் சத்தம் வந்தால், தூசி என்றுதான் எழுதுவார். மேனேஜருக்கு இதில் உள்ளூர எரிச்சல். ஆனால் அந்த மனிதருக்காகவே ஊரின் மறுகோடியிலிருந்து கார்கள் வந்துகொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

நூலகத்து அம்மாவும் அப்படித்தான் வந்தார். நூலகத்தில் முப்பது வருஷம் அடுக்கும் பதிவுமாகக் கழித்தவர். எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம். கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, எந்தெந்த நாள் எந்தெந்த சிக்னலில் பிரேக் தகராறு செய்தது என்று வரிசையாகப் படித்தார். இதற்கு முன் நாலு மாதத்தில் மூன்று இடம் பார்த்துவிட்டாராம். ஒரு ஒர்க்ஷாப்பில் பேடை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் டிஸ்க்கையும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில், பெரிய கண்ணாடிக் கட்டடம் கட்டிய ஒரு கம்பெனியில், மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, அதோடு சேர்த்து இதையும் அதையும் மாற்ற வேண்டும் என்று முழ நீளத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்களாம். யாரை நம்புவது என்று தெரியாமல் மருந்துக்கடைக்காரரிடம் புலம்பியிருக்கிறார். அவர்தான் இங்கே அனுப்பினார்.

"சிக்னல்ல நிக்கறப்ப லேசா மிதிச்சிட்டிருப்பேன் அண்ணா. அது மெல்ல மெல்ல உள்ள இறங்குது. எடுத்துட்டுத் திரும்ப மிதிச்சா சரியாயிடுது," என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்த மெக்கானிக்கும் சொல்லியிருக்க முடியாது. மிதியண்ணன் தலையாட்டினார், செருப்பைக் கழற்றினார், மூன்று மிதி மிதித்தார். பிரேக் கல்லு மாதிரி நின்றது. சுற்றிவந்தார், அழுத்தினார், வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தார். பிரேக் எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. எங்கேயும் கசிவு இல்லை.

"மாஸ்டர் சிலிண்டரா? நல்லா உங்க தலையில மிளகாய் அரைக்கப் பாத்திருக்காங்கம்மா," என்றார்.

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு மனுஷன் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்கிறானே என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. மிதியண்ணன் பில்கூடப் போடவிடவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். தொந்தரவு தருவதற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு, சீட்டில் புதிதாக இரண்டு தேதிகளைக் காட்டினார். இந்தத் தடவை மிதியண்ணன் அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றினார். பிரேக் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு இந்த இடத்தில்தான் வயிறு எரிகிறது. அந்தம்மாவை ஓட்டச் சொல்லிவிட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஒரே ஒரு சிக்னலில் விஷயம் வெளிச்சமாகியிருக்கும். இருபத்தாறு வருஷத்தில் தன் காலைத் தவிர இன்னொருவர் காலை நம்பலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மூன்றாம் முறை வீட்டுக்காரரும் கூட வந்தார். கலகலப்பான ஆள். மனைவி ராத்திரி தூக்கத்தில்கூட பிரேக் போடுகிறாள் என்று சொல்லி அந்தக் கூடத்தையே சிரிக்க வைத்தார். மிதியண்ணனும் சிரித்தார். பழையபடி மூன்று மிதி, ஒரு சுற்று. ஜாப் கார்டில் 'கோளாறு இல்லை' என்று மூன்றாவது தடவையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தம்மாவிடம் தன்மையாகத்தான் சொன்னார்.

"வண்டில கோளாறு இல்லம்மா. பயம்தான் கோளாறு. தைரியமா ஓட்டுங்க."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் வீட்டுக்காரர். "அண்ணனே சொல்லிட்டார். இனிமே என்னைப் படுத்தாதே."

அந்தம்மா அந்தத் துண்டுச் சீட்டை நாலாகக் கிழித்து அங்கேயே குப்பைக் கூடையில் போட்டார்.

பதினோராம் நாள், ரயில் பாலத்து இறக்கத்தில், சிவப்பு விளக்கில் கார் நின்றது. அந்தம்மா லேசாக மிதித்தபடி வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பிரேக் இறங்கியது. கார் உருண்டது. பதறிப்போய்க் காலை எடுத்து மறுபடி மிதித்தார். அப்போது பிரேக் பிடித்தது. கார் நின்ற இடம் நடுச்சாலை. குறுக்கே வந்த தண்ணீர் லாரி வீட்டுக்காரர் பக்கம் மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். அந்தம்மாவுக்கு இடுப்பெலும்பும் தோளும் முறிந்தன.

வண்டியைப் பரிசோதிக்க வந்த அதிகாரியும் கதவு இடுக்கு வழியாகக் காலை விட்டு ஓங்கி மிதித்துத்தான் பார்த்தார். கல்லு மாதிரி நின்றது. கம்பெனியிலிருந்து மூன்று ஜாப் கார்டுகளும் போயின. பிரேக் நன்றாக இருக்கிறது, ஓட்டியவர் கவனமில்லாமல் காலை எடுத்துவிட்டார் என்று போலீஸ் எழுதியது. வழக்கு அந்தம்மா மேல் விழுந்தது.

நொறுங்கிய கார் இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டுக்காகக் கம்பெனியின் பின்வளாகத்தில் வந்து கிடந்தது. மிதியண்ணன் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு போனார். தூக்கி வந்து போட்டதில் முன்பக்கம் இன்னும் அமுங்கிவிட்டிருந்தது. ஸ்டியரிங் இருக்கையோடு ஒட்டிக் கிடந்தது. அவருடைய பருத்த உடம்பு நுழைய இடமில்லை. தரையில் முட்டி போட்டு, கையை உள்ளே விட்டு, உள்ளங்கையால் பிரேக்கை அழுத்தினார்.

அது இறங்கியது. மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

கையை எடுத்துவிட்டு முஷ்டியால் குத்தினார். கல்லு. மறுபடி உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். இறங்கியது. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே இருக்கிற ரப்பர் தேய்ந்தால் வேகமான மிதிக்கு விறைத்துக்கொள்ளும், மெதுவான மிதிக்கு வழிவிட்டுவிடும். எண்ணெய் உள்ளுக்குள்ளேயே இடம் மாறுவதால் வெளியே கசிவும் தெரியாது. படித்த பாடம்தான், எப்போதோ மறந்துவிட்டிருந்தார். அந்தப் பட்டியல்காரக் கம்பெனி மற்றதையெல்லாம் இட்டுக்கட்டியிருந்தாலும் மாஸ்டர் சிலிண்டரைச் சரியாகத்தான் சொல்லியிருந்தது. மிதியண்ணன் முட்டி போட்ட இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நேராக மேனேஜரிடம் போனார். மேனேஜர் கோபப்படவில்லை, கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, லாரி மோதிய அதிர்ச்சியில் சிலிண்டர் போயிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். மூன்று கார்டிலும் இருப்பது உங்கள் கையெழுத்து, அவசரப்பட வேண்டாம், நாலு நாள் யோசியுங்கள் என்றார். இருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தார் மிதியண்ணன். அந்த ஒரு நிமிஷம் ஒன்பது நாளாக நீண்டது.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி இரண்டு நாள் விட்டுப் பார்த்தாள், மூன்றாம் நாள் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டினார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், பேர் கெட்டுவிடும், வேலை போய்விடும், ஒருவேளை உள்ளேயும் தள்ளுவார்கள் என்றெல்லாம் சொன்னார்.

"அந்தம்மா புருஷனைத் தானே கொன்னுட்டதா நெனச்சுட்டுக் கெடக்கறாங்க," என்றாள் கடைசியில். "அதை நீங்க ஒருத்தர்தான் இறக்கி வைக்க முடியும். போய்ச் சொல்லுங்க."

நாளைக்கு என்றார். மறுநாள் காய்ச்சல் வந்தது. பயத்தில் வந்த காய்ச்சல்தான், ஆனாலும் மூன்று நாள் படுக்க வைத்துவிட்டது. எழுந்து வேலைக்குப் போனபோது பின்வளாகத்தில் காரைக் காணவில்லை. மதிப்பீடு முடிந்து பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றார் மேனேஜர், அவர் முகத்தைப் பார்க்காமல். மிதியண்ணன் ஆட்டோ பிடித்து அந்த இரும்புக் கிடங்குக்கு ஓடினார். வளாகம் முழுக்க அமுக்கிக் கட்டிய இரும்புக் கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. எது அந்தக் கார் என்று அங்கே இருந்தவனுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தம்மா வீட்டுக்குப் போனார். ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது, பக்கத்தில் பிடித்து நடக்கிற இரும்புச் சட்டம். அந்தம்மா பாதியாக இளைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து நீங்கள் ஒருத்தராவது வந்தீர்களே என்று சொல்லிக் கண் கலங்கினார்.

மிதியண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். முட்டி போட்டதை, கையால் அழுத்தியதை, அது இறங்கியதைச் சொன்னார். நீங்கள் முதல் நாள் சொன்னதுதான் சரி, நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றார். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அந்தம்மா முழுக்கக் கேட்டார். பிறகு அந்தக் கார் எங்கே என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் இவர்.



"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க," என்றார் அந்தம்மா. "நீங்க பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆளுண்ணா. கை எப்படி நடுங்குது பாருங்க."

"சத்தியமாம்மா..."

"வேண்டாம். மூணு இடத்துல ஏமாந்தேன். நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க. எனக்காக அதையும் கெடுத்துக்காதீங்க." அந்தம்மா கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் காலை எடுத்துட்டேன். எனக்கே இப்ப நல்லா ஞாபகம் வருது. நேத்து போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்கண்ணா, போய்ட்டு வாங்க."