இரண்டையும் அறுக்கும் ரம்பம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயம்புத்தூரில் நானும் மைத்துனனும் பம்புப் பட்டறை வைத்தோம். மரம், இரும்பு இரண்டையும் அறுக்க ஒரே ரம்பம் போதும் என்று அந்த மேதாவி பிடிவாதம் பிடித்தான். கடையில் நான் ரம்பத்தின் பல்லை எண்ணினேன். அங்குலத்துக்கு ஆறு. மரத்துக்குச் சரி; இரும்புக்குப் பதினெட்டுப் பல்லாவது வேண்டும்.

"ஏனுங்க, மாட்டுக்குத்தானுங்க பல்லுப் பாப்பாங்க!" என்றார் கடைக்காரர்.

"எங்க மச்சான் சோத்தையே எண்ணித்தானுங்க திம்பாரு" என்று இளித்துக்கொண்டே மைத்துனன் அதை வாங்கினான்.

பட்டறைக்கு வந்த முதல் ஆள் ஒரு குடியானவர். பருத்தி வாடுகிறது, கிணற்று இரும்புக் குழாயை உடனே அறுத்துத் தரவேண்டும் என்றார். மைத்துனன் நாலு இழுப்பு இழுத்தான். குழாயில் கீறல்தான் விழுந்தது. ரம்பத்தில் பற்கள் உதிர்ந்தன.

"வாரேனுங்க" என்று குடியானவர் குழாயோடு எதிர்ப் பட்டறைக்குப் போய்விட்டார்.

முட்டாளுக்குக் கோபம் என் மேல். "நீங்க பக்கத்துல நின்னு மொறச்சதுலதான், மச்சான், என் கை தடுமாறிப்போச்சு" என்றான்.