மூன்றாம் அடி

முதல் அடி விழுந்ததும் ஊரில் கோழிகூட வேகமாக நடக்கிறது. ஈரப்பலாக் கிளையில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை மனுவேலே இரும்புக் கம்பியால் ஓங்கி அடிக்கிறார். குளித்துக்கொண்டிருப்பவன் சோப்பு நுரையோடு வீட்டுக்கு ஓடுகிறான். இரண்டாம் அடிக்குள் எல்லோரும் மாலை ஜெபத்துக்குப் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்றாம் அடி விழும்வரை யாரும் சாலையில் தலைகாட்டக் கூடாது. லாவாலாவா வேட்டி கட்டிய இளவட்டங்கள் காவல் நிற்கிறார்கள். மாட்டினால் ஒரு பெட்டி டின் மீன் அபராதம்.

உப்பொலுத் தீவின் தென்கரையில் இருக்கும் இந்த ஊரில் கடவுளை நம்பாத ஒரே ஆள் கம்பி பிடித்திருக்கும் இந்த மனுவேலேதான். அதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. அவர் வானிலை அலுவலகத்துக்காக மழை அளக்கிறவர். அதனால் அவர் கடிகாரம் மட்டும்தான் சரியாக ஓடும் என்று ஊர்த் தலைவர்கள் கூடிப் பேசி வேலையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. "மணி அடிக்க நம்பிக்கை எதுக்கு? கைதான் வேணும்," என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பில் கோயிலுக்கும் போகிறார். பாடகர் குழுவின் கீழ்க்குரல் அவர்தான். அவர் சளிபிடித்துப் படுத்த வாரம் பாட்டு கால் ஊன்ற இடமில்லாமல் தள்ளாடியதை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஜெபம் என்றால் எல்லோரும் தலை குனிவார்கள், இவர் மட்டும் நிமிர்ந்து கூரையில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு தொடங்கியதும் திரும்பி வந்துவிடுவார்.

கோயில் முடிந்து போதகர் எலிசாயா சாப்பிட வருவது மனுவேலே வீட்டுக்கு. தேங்காய்ப்பால் ஊற்றி மடித்துச் சுட்ட சேம்பிலையும் பன்றிக்கறியும் இலைக்கு வருவதற்குள் பேச்சு தொடங்கிவிடும்.

"காத்துக்கு ஒரு ஒழுங்கு, கடலுக்கு ஒரு ஒழுங்கு. ஒழுங்குன்னா யாரோ ஒருத்தர் போட்டிருக்கணுமா இல்லையா?" என்பார் போதகர்.

"மழை எவ்வளவுன்னு டப்பாவுல தெரியுது பாஸ்டரே. யார் ஊத்தினதுன்னு தெரியலியே."

"தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

"இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? அவரை நடுவுல வைக்காமலே கணக்கு சரியா வருதுன்னுதான் சொல்றேன்."

"அப்ப நீ பாடறப்ப எனக்குத் தொண்டை அடைக்குதே, அதுக்கு உன் கணக்குல என்ன பேரு?"

"நரம்பு."

"லாகி, இவனுக்கு வெறும் நரம்பா பார்த்து வை. கறி வேண்டாம்."

லாகி மனுவேலேயின் மனைவி. சிரித்துக்கொண்டே கறியையும் வைப்பாள்.

இந்தச் சண்டையில் ஒரு விஷயம் மட்டும் வருவதில்லை. முன்னொரு வருஷம் காலையில் வந்த பெரிய அலை போதகரின் கடைசி மகள் தலீதாவைக் கொண்டுபோனது. பவளத்திட்டு பிளந்திருக்கும் வாய்க்கு நேராகப் போதகர் வீடு இருந்தது. அலை அந்த வழியாகத்தான் வரும், வேறு வழியில்லை. மனுவேலேயின் குடிசை பக்கத்திலேயே ஒரு மேட்டில் நின்று தப்பித்தது. கடவுளின் கணக்கைக் கேள்வி கேட்க அதைவிடப் பெரிய ஆயுதம் யாருக்கும் கிடைக்காது. மனுவேலே அதை இதுவரை கையில் எடுத்ததில்லை. பேச்சு அலைப் பக்கம் திரும்பினாலே கறி நன்றாக வெந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவர் வீட்டில் ஜெபம் சொல்கிறவள் லாகி. வீட்டுத் தலைவன்தான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம், ஆனால் அவருக்கு வராததை அவள் எடுத்துக்கொண்டாள். அவள் ஜெபம் நீளம். ஆக்லாந்தில் இருக்கும் மகளில் தொடங்கி மாமன், மச்சான், அவர்கள் பிள்ளைகள், கால் வீங்கிய பக்கத்து வீட்டுக்காரி என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, தினமும் தலீதாவின் பெயரில் முடிப்பாள். இரண்டாம் அடி அடித்துவிட்டு ஓடிவந்து உட்காரும் மனுவேலே, அவள் ஆமென் சொன்ன பிறகுதான் எழுந்து மரத்தடிக்குப் போவார். முதல் இரண்டு அடிக்குத்தான் கடிகாரம். மூன்றாவதுக்கு லாகி. "அந்தக்கா ஆமென் சொல்றதுக்குள்ள கிழங்கு கல்லாயிடுது," என்று காவல் நிற்கும் பையன்கள் அலுத்துக்கொள்வார்கள்.

போன மாதம் லாகியின் தொண்டையில் கட்டி என்று சொல்லி ஆக்லாந்துக்கு அனுப்பினார்கள். அறுக்க வேண்டும். பிழைப்பாளா என்று டாக்டர் வாய் திறந்து சொல்லவில்லை. கிளம்புகிற அன்று கம்மிய குரலில் புருஷனிடம் ஒன்று கேட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் வீட்ல ஜெபம் நிக்கக் கூடாதுங்க."

"எனக்குப் பொய் சொல்ல வராது லாகி."

"பொய் சொல்லச் சொல்லல. வீடு சும்மா கிடக்க வேண்டாம்னு சொல்றேன்."

மனுவேலே பெட்டியைத் தூக்கி விமான நிலையம் போகும் பேருந்தில் வைத்தார். பயந்திருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அறுவை நடக்கும் நாள் மரத்தடிக்கு எலிசாயா வந்தார். "சாயங்காலம் உன் வீட்டுல நான் வந்து ஜெபம் பண்ணட்டுமா?"

"வேண்டாம் பாஸ்டரே. நீங்க பண்ணினா அது உங்களுது. அவ கேட்டது என்கிட்ட."

இப்போது யாரைக் கூப்பிடப்போகிறாய் என்று போதகர் கேட்டிருக்கலாம். அவரிடமும் ஆயுதம் இருந்தது. "சரிப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு அலைக்குப் பிறகு மலைமேல் கட்டிய தன் வீட்டுக்கு நடந்தார்.

இரண்டாம் அடி விழுந்தது. "இன்னிக்கு அந்தக்கா இல்ல, கிழங்கு சூடா கிடைக்கும்," என்றான் காவலுக்கு நின்ற ஒருவன்.

மனுவேலே வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். எதிரே லாகியின் பாய் விரித்திருந்தது, அதை அவரேதான் விரித்திருந்தார். அவள் தினமும் எடுக்கிற பாட்டில் முதல் வரி அவளுடையது. அந்த வரி போகும் நேரம் வாயை மூடியிருந்துவிட்டுத் தன் கீழ்க்குரலை எடுத்தார். அவள் வரி வந்த இடமெல்லாம் நிறுத்தி, தன் வரிக்குச் சேர்ந்துகொண்டார். சாலையில் காவல் நின்ற பையன்கள் அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

பாட்டு முடிந்ததும் தலை குனியாமல் பெயர்களைச் சொன்னார். ஆண்டவரே இல்லை, தயவாய் இல்லை, வெறும் பெயர்கள். மகள், மாமன், மச்சான், பிள்ளைகள், கால் வீங்கியவள், ஒன்றும் விடாமல். தலீதா என்றார். லாகி அங்கேதான் முடிப்பாள்.

அவர் முடிக்கவில்லை. அந்த வரிசையில் எந்த நாளும் வராத ஒரு பெயர் பாக்கி இருந்தது.

"லாகி," என்றார்.

பிறகு ஆமென் வரவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. வீடுகளில் கிழங்கு ஆறியது, காவல் பையன்கள் கால் மாற்றி நின்றார்கள், ஊர் அடங்கியே இருந்தது. நன்றாக இருட்டிய பிறகுதான் மரத்தடியில் மூன்றாம் அடி விழுந்தது.