ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளம்

லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவருக்குக்கூடக் கைராசி இருக்குமா என்று கேட்டால், அந்தக் கடைத்தெருவில் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்கு அங்கே பெயரே கைராசிக்காரர்தான். மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடம், ஒரு மேசை, பூதக்கண்ணாடி விளக்கு, சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் மெஷின். இருபத்திரண்டு வருடமாக அதற்குள்தான் அவருடைய பிழைப்பு.

அவர் வேலை பார்க்கிற விதமே தனி. செத்துப்போன போர்டில் கொஞ்சமாகக் கரண்ட் ஏற்றுவார். எந்தப் பாகம் ஷார்ட் ஆகியிருக்கிறதோ அது மட்டும் சூடாகும். மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்கச் சூடு பார்க்கும் கேமரா வாங்கி வைத்திருந்தார்கள். இவர் ஆள்காட்டி விரலால் போர்டு முழுக்கத் தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்வார். கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று அங்கே கொதித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து ஒட்டினால் போர்டு எழுந்து உட்காரும். கேமராக்காரர்கள் காசு கொடுத்துக் கண் வாங்கியிருக்கிறார்கள் என்று கேலி பேசுவார். கொஞ்சம் வாய்க்கொழுப்பும் உண்டு.

போன வருடம் சர்க்கரை என்றார்கள். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார். மற்றது வழியில் கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. இதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் ஜோடியாவது பிரியாமல் இருந்திருக்கும் என்றாள் மனைவி. நரம்பு என்று ஏதோ விளக்கிய டாக்டர், கையையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார். கால்தானே மரத்தது, கைக்கென்ன என்று இவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்தான்.

அந்த வியாழக்கிழமை தங்கை தன் லேப்டாப்போடு வந்தாள். அவள் கணவர் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் மூன்று வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். டாக்டர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு டைப் செய்து ஒரு மருத்துவமனைக்கு அனுப்புவது அவள் வேலை. அவரைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். அந்த ஒரு மெஷினுக்குத்தான் மருத்துவமனை அனுமதி கொடுத்திருந்தது. வெளியாட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. திங்கட்கிழமைக்குள் அதே மெஷின் ஓடினால் சரி, இல்லாவிட்டால் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மீட்டர் ஷார்ட் என்று காட்டியது. கரண்ட் ஏற்றித் தடவினார். எங்கேயும் சூடு இல்லை. தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை, வழக்கத்தைவிட அழுத்தி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அப்போதும் ஒன்றுமில்லை. சூடே இல்லையென்றால் கோளாறு போர்டின் உள் அடுக்கில் இருக்கிறது, அதற்கு வைத்தியம் கிடையாது என்று முடிவு கட்டினார்.

"முடிஞ்சுபோச்சும்மா. இதுல இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"நீ சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்" என்றாள். உதிரி பாகத்துக்காவது ஆகட்டும் என்று அதை அவரிடமே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளே ஒரு வக்கீலின் லேப்டாப்புக்குத் தங்கையின் போர்டிலிருந்த பவர் சிப் தேவைப்பட்டது. உதிரிக்கு ஒதுக்கிய போர்டில் சிப்பைத்தான் காப்பாற்றுவார்கள், போர்டை யார் பார்ப்பார்கள்? சிப் கருகிவிடக் கூடாது என்று பின்பக்கத்திலிருந்து போர்டைப் பொசுக்கி டுவீசரால் கிள்ளி எடுத்தார். அடியிலிருந்த செம்புத் தடங்களும் பிய்ந்துகொண்டு வந்தன. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வக்கீலின் லேப்டாப் ஓடியது, வக்கீலும் கைராசி என்றார்.

சனிக்கிழமை சாப்பிடும்போது மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விரல்ல என்ன இது, இவ்ளோ பெரிய கொப்புளம்?"

ஆள்காட்டி விரல் நுனியில் நீர் கோத்திருந்தது. நடுவில் கடுகளவுக்கு வெளுத்த புள்ளி. எப்போது சுட்டது என்று யோசித்தார். அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

ஞாயிறு காலையில் தெருவே பூட்டிக் கிடக்க, தன் கடையை மட்டும் திறந்தார். தங்கையின் போர்டில் ஸ்பிரிட் தடவிக் கரண்ட் ஏற்றினார். மூன்று விநாடியில் ஓரிடத்தில் மட்டும் சூட்டில் ஸ்பிரிட் காய்ந்தது. அவர் அழுத்தி அழுத்திப் பார்த்த இடம்தான். அங்கிருந்த கெப்பாசிட்டரை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது. ஐந்து நிமிட வேலை. ஆனால் பக்கத்தில் சிப் இருந்த இடம் பொசுங்கிக் கிடந்தது. பிய்ந்த தடங்களை முடிபோன்ற கம்பியால் இணைக்கச் சாயங்காலம் வரை போராடினார். ஒரு கம்பியும் நிற்கவில்லை. பிறகு, இந்த வருடம் அவர் கைவிட்ட போர்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து ஸ்பிரிட் தடவினார். முதல் மூன்றில் இரண்டு இதே கதைதான். நாலாவதை எடுக்க அவருக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனார். தையல் ஆலையில் அவளுக்கு அன்று முதல் நாள். கணவரின் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று பாட்டில் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, பூட்டும் சாவியுமாக வாசலில் நின்றாள். இவர் வாயெடுப்பதற்குள் விரலைப் பார்த்துவிட்டாள்.

"சுட்டுக்கிட்டியாண்ணா?" கையைப் பிடித்து ஊதினாள். "ரொம்ப வலிக்குதா?"

"வலிக்கலம்மா. அன்னைக்கும் வலிக்கல. அதான் உன் போர்டு செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் ஊதுவதை நிறுத்தினாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். அவள் கதவைப் பூட்டினாள். பிறகு சாவியை அண்ணன் கையில் வைத்தாள்.

"மத்தியானம் வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைண்ணா. வெந்நீர்ல துடைச்சு விடு. சூடு சரியா இருக்கான்னு அவரையே கைய வச்சுப் பாக்கச் சொல்லு. நீ பாக்காத."